அரைச் சுற்று

"என் போனைப் பிடுங்கிப் போட்டுட்டு உன்னோடதைச் சொருகியிருக்கியே, உனக்கு…"

"காலையிலேருந்து நீங்கதானே சார் சொருகி வெச்சிருக்கீங்க, அது என்ன உங்க மாமனார் வீட்டுப் பிளக்கா…"

"நான் இங்க தலைவன்யா."

"அது பேட்டரிக்குத் தெரியாதே சார்."

ஒரு பிளக்குக்காக இப்படி மல்லுக்கு நிற்கிற ஆண்பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஐயா. முதலில் கத்தியவர் எங்கள் குழுத் தலைவர். பதிலுக்குப் பதில் கொடுத்தவர் சமையல்காரர், மாஸ்டர் என்போம். பனிப்பாறையை அளக்கப் போன ஆறு பேரில் மின்சார வேலை என்னுடையது. வயதில் மூத்தவள், அதனால் எல்லோருக்கும் அக்கா.

அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலை. ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த படத்தைப் பார்ப்பார்கள். நான் எதைச் சொன்னாலும் 'ம்' என்று வரும், தலை நிமிராது. குறை சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் இப்போது அப்படித்தானே.

அந்தச் சண்டை ஓய்வதற்குள் சார்ஜ் ஏறுவதே நின்றுபோனது. கூரைமேல் ஒரு சின்னக் காற்றாலை. அதிலிருந்து வருகிற மின்சாரம் வெளிச்சுவரில் இருக்கும் பெட்டி வழியாகத்தான் பேட்டரிக்குப் போக வேண்டும். மறுநாள் பனிக்காற்று ஓய்ந்ததும் போய்த் திறந்து பார்த்தேன். திருகாணி ஒன்று தளர்ந்து ஒயர் விலகியிருந்தது. அரைச் சுற்று முடுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் வேலை.

சொல்லத்தான் வாயெடுத்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம். போன் எல்லாம் செத்துப்போனதால் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டர் தன் மாமியார் மூக்குக் கண்ணாடி தேடுவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, சீக்கிரம் வாங்க, உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றார்.

திருகாணியை மறுபடி தளர்த்தினேன். உள்ளே போய், "ஏதோ எரிஞ்சுபோச்சு. புதுச் சாமான் வந்தாத்தான் ஆகும்" என்றேன். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

அதன்பிறகு அந்த முகாமை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் பாடினார். தலைவர் தன் மகளைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினார். என் முட்டிவலியைக்கூட விசாரித்தார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த சாட்டிலைட் போனிலும் குளிரில் சார்ஜ் இறங்கிப்போனது. அதற்கும் அதே பெட்டிதான். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

பிறகு ஒரு காலையில் மாஸ்டருக்கு வயிற்றுவலி. வலப்பக்கம் கை வைக்க விடவில்லை. தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எதையாவது பண்ணி அந்தப் போனுக்கு மட்டும் உயிர் குடுங்க. ஹெலிகாப்டரைக் கூப்பிடணும்."

அரைச் சுற்று போதும். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். இத்தனை நாள் ஆகாதது ஒரு நொடியில் ஆனால் என்ன நினைப்பார்கள்? அப்புறம் யார் என் முகத்தில் விழிப்பார்கள்? அதனால் பதறாமல் செய்தேன். பெட்டியை மொத்தமாகக் கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். ஒயர் ஒயராகப் பிரித்துத் துடைத்தேன். ஒருவர் டார்ச் பிடித்தார். ஒருவர் என் விரல் விறைக்காமலிருக்க வெந்நீர்ப் பை வைத்தார். படுக்கையிலிருந்து மாஸ்டர்கூட, "முடிஞ்சதும் என்னையும் கொஞ்ச நேரம் சொருகி வைங்கக்கா" என்றார். சிரித்துவிட்டேன். பாவம், அந்த வலியிலும் பேச்சை விடவில்லை.

பொழுது சாயும்போது முடுக்கினேன். போன் பேசியது. "இருட்டுல இறங்க முடியாது. மத்தியானம் கூப்பிட்டிருந்தா வந்திருப்போமே" என்றார் விமானி.

விடிவதற்குள் மாஸ்டர் போய்விட்டார். நாங்கள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். கூடப்பிறந்தவர்கள்கூட அப்படி அழ மாட்டார்கள்.

திருகாணியில் புதுக் கீறல்கள் இருந்ததை உங்கள் ஆட்கள் கவனித்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். நான் மறுக்கவில்லை. தளர்த்தியதும் நான், தாமதம் செய்ததும் நான். மாஸ்டர்மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கே என்னோடு மனம்விட்டுப் பேசியவரே அவர்தான்.

"என்னங்கய்யா, அதுக்குள்ள எழுந்துட்டீங்க? இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு, கொஞ்ச நேரம் உட்காருங்களேன்."