அவையடக்கம் இல்லை என்று எழுதிய கை

அவைக்குத் தலைமை ஏற்று, 'அளவாகப் பேசுங்கள்' என்று கண்ணாலேயே எனக்குக் கட்டளையிட்டுவிட்டு அமர்ந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் திரு. சுகுமாரன் அவர்களே! பால்மரம் போய் செம்பனை வந்தாலும், செம்பனை போய் தாமான் வீடுகள் வந்தாலும், தமிழ் மட்டும் போகவில்லை என்று தோள் நிமிர்ந்து வந்திருக்கும் பெரியோர்களே! விடிந்ததும் விடியாததுமாய்ப் பிள்ளைக்குப் பின்னல் போட்டு, பேச்சை மனப்பாடம் செய்யவைத்து, கமுந்திங்கிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் இந்தப் பீடோர் வரை கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே! காலையில் போட்டி முடிந்தும் இன்னும் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும் என் குட்டிப் பேச்சாளர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கலாதேவியின் பணிவான வணக்கம்.

கோகிலன் சார், அந்த மணியிலிருந்து கையை எடுங்கள். இன்று நான் போட்டியாளர் இல்லை. அடித்தாலும் இறங்க மாட்டேன்!

முப்பத்தோராண்டு தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். இருபதாண்டு பேச்சுப் போட்டி நடுவர். "கலாதேவி டீச்சரா நடுவர்? செத்தோம் லா!" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது என் காதில் விழும். விழ விழ எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கை கட்டினால் குறைப்பேன், கால் ஆடினால் குறைப்பேன், லகரம் வழுக்கினால் குறைப்பேன். என் சிவப்புப் பேனாவுக்கு இரக்கமே கிடையாது.

'மேடையும் தமிழும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். எனக்கு ஒரு பிழை திருத்த வேண்டியிருக்கிறது. ஊரார் பிள்ளைகளின் பிழையையெல்லாம் ஊரறியத் திருத்தியவள், தன் பிழையை மட்டும் தனியறையில் திருத்தலாமா? எந்த மேடையில் செய்தேனோ, அந்த மேடையில்தான் திருத்த வேண்டும்.

இரண்டாண்டுகளுக்கு முன்னால் இதே மண்டபம். இதோ, இந்த இடத்தில் ஒன்பது வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி வந்து நின்றாள். பெயர் கேரன். கமுந்திங் தொழிற்சாலையில் வேலை செய்யும் மத்தியாஸின் மகள். வாயைத் திறந்தாள். அடடா, என்ன குரல்! என்ன உச்சரிப்பு! மழலை மாறாத வாயில் மலைத்தேன்! ஆனால் அந்தப் பிள்ளை எங்களை நேராகப் பார்க்கவில்லை. முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணால் பார்த்தபடியே பேசினாள், பேசினாள், முடிக்கும் வரை அப்படியே பேசினாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. ஒன்பது வயதில் இவ்வளவு அலட்சியமா என்று நினைத்தேன். 'அவையை நேர்நோக்கிப் பேசுதல்' என்ற கட்டத்தில் பத்துக்கு இரண்டு போட்டேன். அதோடு விட்டேனா? கீழே, 'நடுவர் கருத்து' என்ற இடத்தில், கொட்டை எழுத்தில், அவையடக்கம் இல்லை என்று எழுதினேன். மூன்று மதிப்பெண் குறைந்து அந்தப் பிள்ளை முதல் பரிசை இழந்தது. தாளை வாங்கிப் போனவள் வாசலில் நின்று படிக்கிறாள். படிக்கும்போதும் முகம் திருப்பித்தான் படிக்கிறாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே, என்ன செய்ய?

மத்தியாஸ் வந்தார். கோபமாக வந்திருந்தால் நானும் கோபமாகப் பேசித் தப்பித்திருப்பேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், ஒரு நிமிசம் லா. அவளுக்குக் கண்ணு ஆடும் டீச்சர். கைக்குழந்தையா இருந்தப்பவே ஆடும். அவ ஆட்டல, அதுவா ஆடுது. நேராப் பாத்தா ரொம்ப ஆடும், எல்லாம் மங்கிப் போயிடும். மூஞ்ச இந்தப் பக்கம் திருப்பி, கண்ண ஓரத்துக்குக் கொண்டு போனா ஆட்டம் கொறயும். அங்கதான் அவளுக்கு நல்லாத் தெரியும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அவ உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தா டீச்சர். கலாதேவி டீச்சர நல்லாப் பாக்கணும்னுதான் அப்படித் திரும்பி நின்னா."

தாய்மார்களே! நேராக நின்ற நாற்பது பிள்ளைகளும் எங்கள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார்கள். பயம் வராமல் இருக்க அப்படித்தான் நாங்களே சொல்லிக்கொடுத்தோம்! அவர்களுக்கெல்லாம் எட்டும் ஒன்பதும் அள்ளிப் போட்டேன். என் முகத்தை உண்மையிலேயே பார்த்த ஒரே பிள்ளைக்கு இரண்டு போட்டேன். பார்வை யாருக்குக் குறை? அவளுக்கா, எனக்கா?

சன்னாசி அண்ணே, பின்வரிசையில் உட்கார்ந்து சிரிக்காதீர்கள். உங்கள் கதைக்கு வருகிறேன்! சுளுக்கு எடுக்கும் நம் சன்னாசி அண்ணனைத் தெரியாதவர் பீடோரில் உண்டா? கேரனுக்கு நாலு வயதாக இருந்தபோது, கழுத்துச் சுளுக்கு என்று கமுந்திங்கிலிருந்து இவரிடம்தான் தூக்கி வந்தார்கள். எண்ணெய் போட்டு நாலு நாள் நீவினார். ஐந்தாம் நாள் பிள்ளை மடியிலேயே தூங்கிவிட்டது. தூங்கியதும் கழுத்து நேராகிவிட்டது! சன்னாசி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "பிள்ள கண்ண மூடுனா கழுத்து நேரா நிக்குது. அப்ப கோளாறு கழுத்துல இல்லம்மா. கண்ணக் கொண்டு போய் டாக்டர்கிட்ட காட்டு." பட்டப் படிப்புப் படித்த நான் கண்டுபிடிக்காததை எண்ணெய்க் கையோடு கண்டுபிடித்தவர் அவர். கை தட்டுங்கள் அவருக்கு! இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

ஈப்போவில் ஒரு கண் டாக்டரம்மா கேரனைப் பார்த்து வந்தார். கண்ணாடி கொடுத்தார். பிள்ளை வளர வளர, ஓர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றும் சொன்னார். வீட்டில் பயம். "நல்லா இருக்கிற கண்ணுல கத்தி வைக்கிறதா?" என்று தாய் பிரமிளா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். எந்தத் தாய்தான் தள்ளிப் போட மாட்டாள்?

என் சிவப்பு மை இறங்கிய பிறகு நிலைமை மாறியது. மத்தியாஸ் எனக்குப் போன் போட்டார். "மேடையே வேணாங்குறா டீச்சர். ஆனா ஆபரேசன் மட்டும் உடனே செய்யணுங்குறா. நீங்க எழுதுன அந்தத் தாள மேசைக்கு நேரா ஒட்டி வச்சிருக்கா. ரொம்ப சூசாவா இருக்கு டீச்சர், என்ன செய்யிறதுன்னே தெரியல."

நான் போட்ட இரண்டு மதிப்பெண்ணுக்காக ஒரு பிஞ்சு, கத்திக்குக் கீழே படுக்கப் போகிறதா? அன்று மாலையே அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, "கேரன், நான் எழுதியது தப்பு. எனக்காக நீ உன் கண்ணை மாற்ற வேண்டாம். இப்படியே பேசு, நான் கேட்கிறேன்" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தைத் திருப்பி, நன்றாகப் பார்த்தாள்.

"உங்களுக்காக ஒன்னும் இல்ல லா டீச்சர். கழுத்து வலிக்குது. நேராப் போனா செவுத்துல இடிக்கிறேன், திரும்பிப் போனா எல்லாரும் சிரிக்கிறாங்க. மூஞ்சத் திருப்பிப் பாக்குறதுக்காக ஸ்கூல் பஸ்ல எப்பவும் ஒரு ஓரத்துலயே உக்காரணும். எனக்கு நடுவுல உக்காரணும்."

நடுவில் உட்கார வேண்டுமாம்! அவ்வளவுதான் அவள் ஆசை. அது என்னைப் பற்றியே இல்லை. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. "அப்போ அந்தத் தாளை ஏன் ஒட்டி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். "அது கோபம்" என்றாள். நியாயம்தானே?

மறுவாரம் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "கண்ணை அசைக்கிற தசைகளை இடம் மாற்றித் தைப்போம். ஓரத்தில் இருக்கிற அந்த அமைதியான இடம் நடுவுக்கு வரும். முகம் திரும்புவது குறையும். ஆட்டம் அடியோடு நிற்காது, கண்ணாடியும் போகாது. சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டி வரலாம்." கேரன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நடுவுல உக்காரலாமா?" டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உட்காரலாம், பெரும்பாலும் உட்காரலாம்" என்றார்.

அறுவை சிகிச்சை நாளில் பிரமிளாவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா ஜெபமாலை உருட்டினார். நான் முருகனைக் கூப்பிட்டேன். யார் காதில் விழுந்ததோ, இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வந்தது. கேரனை வார்டுக்குக் கூட்டி வந்தார்கள். கண் இரண்டும் மிளகாய் பட்டது போல் சிவந்திருந்தது. கண்ணீர் ஊற்றியது. "வலிக்குது, போங்க" என்று என்னைத்தான் முதலில் விரட்டினாள். நன்றாக விரட்டட்டும் என்று நின்றேன்.

சிவப்பு வடிய வாரங்கள் ஆயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது, பிரமிளா மகளைப் போட்டோ எடுத்திருக்கிறார். எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். எனக்குப் போன் வந்தது. "டீச்சர், இத்தன வருசமா எல்லாப் போட்டோவுலயும் ஒரு தோடுதான் தெரியும். ஒன்னு தொலஞ்சிருந்தாக்கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இன்னைக்கு ரெண்டு தோடும் ஒன்னாத் தெரியுது டீச்சர்!" அவர் அழ, நான் அழ, நடுவில் கேரன் "பஸ் போயிடும்" என்று கத்துகிறாள்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில், ஒரு பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால், 'நேராப் பாரு' என்று தலையைப் பிடித்துத் திருகாதீர்கள். அது திமிர் என்று திட்டாதீர்கள். நாம் தெரியாமல் மறைக்கும் வெளிச்சத்தை அந்தப் பிள்ளை தேடிக்கொண்டிருக்கலாம். கண் டாக்டரிடம் காட்டுங்கள், கேளுங்கள், பிள்ளையையும் கேளுங்கள். சிகிச்சை உண்டா இல்லையா என்பது அப்புறம். முதலில் அது ஏன் திரும்புகிறது என்று கேளுங்கள்!

கேரனுக்கு இப்போது பதினோரு வயது. மேடையே வேண்டாம் என்றவள், காலையில் போட்டியில் பேசினாள். பரிசு உண்டோ இல்லையோ, அது தலைவர் கையில் உள்ள உறைக்குள் இருக்கிறது. இம்முறை நான் நடுவர் இல்லை, எனக்குத் தெரியாது. இரண்டாம் வரிசையில், நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். கண் இன்னமும் கொஞ்சம் ஆடும். களைத்துப் போனால் முகமும் கொஞ்சம் திரும்பும். திரும்பட்டுமே, அதனால் என்ன?

இதோ அந்தத் தாள். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று கேட்கப் போனபோது, "சொல்லுங்க, ஆனா ரொம்ப நீட்டாதீங்க" என்று சொல்லிச் சுவரிலிருந்து பிய்த்துக் கொடுத்தாள். கோகிலன் சார், அந்தச் சிவப்புப் பேனாவைக் கொடுங்கள்.

அவையை நேர்நோக்கிப் பேசுதல். இரண்டை அடிக்கிறேன். பத்து! இன்று நேராக நிற்கும் கேரனுக்கு இல்லை இந்தப் பத்து. அன்று என்னைப் பார்ப்பதற்காகத் திரும்பி நின்றாளே, அந்தக் கேரனுக்கு.

நடுவர் கருத்து. இதை அடிக்க மாட்டேன். முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கிறேன். இப்போது வாசிக்கிறேன், கேளுங்கள்: 'நடுவருக்கு அவையடக்கம் இல்லை.'

கேரன், மேலே வந்து வாங்கிக்கொள்ளம்மா. எப்படிப் பார்த்து நடந்தாலும் சரி, மெதுவாக வா.

இவ்வளவு நேரம் என் பிழையைப் பொறுத்துக் கேட்ட அவைக்கும், கடைசி வரை மணியடிக்காத கோகிலன் சாருக்கும், கோபத்தைக் கூடப் பத்திரமாக வைத்திருந்து திருத்த இடம் கொடுத்த அந்தப் பிள்ளைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!