கடதாசிக் குவளை

அந்த ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு நான் தேநீர் ஊற்றினேன். பால் கொஞ்சம் கூடிவிட்டது.

ஊரை விட்டு வந்து குடியேறிய மல்வேர்னில் எங்கள் வீட்டு வரவேற்பறை சிறியது. சுவரில் இரண்டு வாள்கள். நெடுவாள் மேலே, குறுவாள் கீழே. பழைய சாமான் சந்தையில் வாங்கி நானே தீட்டியவை. சாமுராய் ஒருவன் இன்னொருவர் வீட்டுக்குள் போகும்போது நெடுவாளைக் கழற்றிவிடுவான். குறுவாள் இடுப்பிலேயே இருக்கும்.

நான் வாகனத் தரிப்பிடமொன்றில் காவலாளி. கூண்டுக்குள் இருந்து தடையைத் தூக்குவேன், இறக்குவேன். ஊரில் என் தகப்பன் விதானையார், கிராமத்துக்கே அதிகாரி. எங்கள் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கித்தான் போவார்கள். இங்கே ஒருவரும் கார்க் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை. கூண்டில் நூலகப் புத்தகங்கள் வாசித்தேன். எசமானை இழந்த சாமுராய்க்கு ரோனின் என்று பெயர். அதை வாசித்த அன்று அழுகை வந்தது.

சாமுராய்களின் காலத்தில் மனிதருக்கு ஒரு வரிசை இருந்தது. வீரர், கமக்காரர், கைவினைஞர், வணிகர். அதற்கும் கீழே, வரிசையில் சேராதவர்கள். எனக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. எங்களைப்போல் நிலம் வைத்து விளைவிக்கிற கமக்காரரை இரண்டாவதாக வைத்ததில் மட்டும் உடன்பாடில்லை.

என் மகள் சாம்பவி அன்று கஜீவனைக் கூட்டிவந்தாள். கலியாணம் கட்டப் போகிறோம் என்றாள். கேட்கவில்லை, அறிவித்தாள். வீடு அவளுடைய சம்பளத்தில் ஓடியது. நான் என்ன சொல்ல முடியும்.

“தம்பி ஊரிலை எவ்விடம்?” என்றேன்.

“கரவெட்டி, அங்கிள்.”

“அதிலை எந்தக் கோயிலடி?”

அவன் சிரித்தான். “சுத்தி வளைக்காதேங்கோ அங்கிள். நீங்கள் நினைக்கிற ஆக்கள்தான் நாங்கள்.”

“உங்களை அந்தக் கூண்டுக்குள்ளை விட்டவன் எந்தக் கோயிலடி எண்டு கேட்டவனோ, அப்பா?” என்றாள் சாம்பவி.

நான் சமையலறைக்குப் போனேன். தேநீரைக் கொண்டுவந்தேன். ஊரில் அப்படியானவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்போம். இங்கே சிரட்டைக்கு எங்கே போவது. அவனுக்குக் கடதாசிக் குவளையில் கொடுத்தேன். எங்களுக்குப் பீங்கான்.

“உவருக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்?”

“கழுவிற வேலை மிச்சம், பிள்ளை.”

அவள் தன் பீங்கான் குவளையை அவன் முன்னால் வைத்தாள். அவனுடையதை எடுத்துக்கொண்டாள். அவன் என் முகத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எங்கள் குவளையில் வாய் வைத்துக் குடித்தான்.

“நல்லாயிருக்கு அங்கிள்” என்றான்.

ஐயா, இந்த வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தைக் கவனமாகச் சொல்லவேண்டும். கீழ்ப்படியில் உள்ளவன் அவமதித்தால் சாமுராய் வெட்டலாம். அந்த இடத்திலேயே வெட்டவேண்டும். ஆறிய பிறகு வெட்டினால் அது கொலை. சாட்சி வேண்டும். உடனே அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். எனக்கு அவனோடு கோபமில்லை. சாதி பார்க்கிற ஆளும் இல்லை. விதி அப்படி இருந்தது. அதன்முன் நான் யார்.

அந்த வரவேற்பறையில் நெடுவாளை வீச இடம் போதாது. குறுவாளை எடுத்தேன். அவன் வாள் காட்டப் போகிறேன் என்று நினைத்து, பார்க்க வசதியாகக் கழுத்தை நீட்டினான்.

பிறகு அலகைக் கடதாசியால் துடைத்து உறையில் இட்டேன். உங்களை அழைத்ததும் நான்தான். நீங்கள் வரும்வரை சாம்பவி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“அப்பா, கப்பை மாத்தினது நான்தானே?”