செம்பருத்திக்கு வெட்டின கிராப்பு

மனைவி: ...தபால்காரர் இன்னிக்கும் திரும்பிப் போயிட்டாருங்க. வீட்டு நம்பரே தெரியலையாம்.

கணவன்: நல்லதுதானே. கெட்ட சேதி எதுவும் வராது.

மனைவி: நல்ல சேதியும்தான் வராது. கேட்டைத் திறந்தா செம்பருத்தி வேலி வந்து கன்னத்துல அறையுது. எதிர்வீட்டு டீச்சர் கேக்கறாங்க, "இருக்கீங்களா, காலி பண்ணிட்டீங்களா"ன்னு.

கணவன்: செடின்னா வளரத்தான் செய்யும்.

மனைவி: இது வளர்ச்சியா? மேல பாத்தா காடு, கீழ பாத்தா வெறும் குச்சி. மேல கோட்டு போட்டுக்கிட்டு கீழ ஒண்ணுமே போடாத ஆள் மாதிரி நிக்குது.

கணவன்: எல்லாம் அந்தத் தோட்டக்காரன் பண்ணின வேலை. அதுக்கு நான் என்ன...

மனைவி: அவனைக் கூப்பிட்டு நறுக்குன்னு கேக்கலாம்னா நம்பர் இல்லேங்கறீங்க.

கணவன்: தெருவோட போனவன்மா. கூப்பிட்டேன், வந்தான், வெட்டினான், போனான்.

மனைவி: ஆள் எப்படி இருப்பான்?

கணவன்: நெட்டையா...

மனைவி: போன வாரம் குள்ளம்னீங்க.

கணவன்: ...ஏணி மேல நின்னான்ல. ஏணியில ஏறினா குள்ளனும் நெட்டைதான்.

மனைவி: மீசை?

கணவன்: என்கிட்டயா கேக்கறே? சலூன் வெச்சிருக்கறவன் ஒரு மீசையை மறப்பானா? மீசை... இருந்துது. லேசா.

மனைவி: லேசாவா?

கணவன்: இலை மறைச்சிடுச்சும்மா.

மனைவி: சரி, அவன் போகட்டும். வேற ஒரு தோட்டக்காரம்மாவை வரச் சொல்லிட்டேன்.

கணவன்: என்னது? எப்போ?

மனைவி: இப்போ. கேட்டுல சத்தம் கேக்குது பாருங்க.

தோட்டக்காரம்மா: அக்கா! அக்காவ்! இங்க கேட்டு எங்க இருக்கு?

மனைவி: அந்தக் கொத்தை விலக்கிட்டு கையை உள்ள விடுங்க... இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அதான் தாழ்ப்பாள்.

தோட்டக்காரம்மா: அம்மாடியோவ்! உள்ள வர்றதுக்குள்ள ஒரு வளையல் போச்சு. யாருக்கா இது... யாரு வெட்டினது இதை?

மனைவி: இவருதான் சொல்லணும். நான் எங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன், மழைக்கு முன்னால. திரும்பி வந்து பாத்தா இப்படி.

கணவன்: ஒருத்தன் வந்தான் தங்கச்சி. தெருவோட போனவன்.

தோட்டக்காரம்மா: இந்தத் தெருவுல செடி வெட்டிக் கவாத்து பண்றவ நான் ஒருத்திதான். எனக்குத் தெரியாம எவன் வந்தான்? இதுக்குப் பேரு கவாத்தா அண்ணே? செடி மேல ஏதோ பழைய பகை இருந்த மாதிரி வெட்டியிருக்கான்.

கணவன்: அதை ஏன் கேக்கறே!

தோட்டக்காரம்மா: உச்சியில மட்டும் ஒரே மட்டமா கிராப்பு வெட்டியிருக்கான். வெட்டின இடத்துலதானே துளிர் கொத்துக் கொத்தாக் கிளம்பும்? இப்பப் பாருங்க, குடை விரிச்ச மாதிரி மேல மூடிக்கிச்சு. கீழ வெளிச்சமே இல்ல. அதான் காலெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கு.

கணவன்: மூளை இருந்தாத்தானே?

தோட்டக்காரம்மா: இதோ, பாதியில விட்ட கட்டை. இதுவும் கட்டை. வெட்டினா கணுவை ஒட்டி வெட்டணும். நடுவுல விட்டா அது பட்டுப்போயி உள்ள அழுகும்.

கணவன்: அவன் கையில கத்தரியைக் குடுத்ததே தப்பு தங்கச்சி.

மனைவி: நீங்கதானே குடுத்தீங்க?

கணவன்: ஆமா... நான்தான் குடுத்தேன்.

தோட்டக்காரம்மா: பக்கத்துல நின்னு பாக்கலையா அண்ணே?

கணவன்: பக்கத்துலதான் இருந்தேன். ரொம்பவே பக்கத்துல.

தோட்டக்காரம்மா: அப்புறம் சும்மாவா விட்டீங்க? என் கையில மட்டும் கிடைச்சான்... அந்த விரலை ஒவ்வொண்ணா எண்ணிப் பிடிச்சுத் திருகிடுவேன்.

கணவன்: அவ்வளவு தூரம் வேண்டாம். ரெண்டு திட்டு போதும். வடிகட்டின முட்டாள், வெட்டத் தெரியாத வெட்டி, கர்வம் பிடிச்சவன்...

மனைவி: கர்வம்னு எப்படித் தெரியும்?

கணவன்: கத்தரியைப் பிடிச்ச விதத்துலயே தெரிஞ்சுது.

தோட்டக்காரம்மா: அண்ணனுக்கு என்ன தொழில்?

கணவன்: அது எதுக்கு இப்போ...

மனைவி: சலூன்.

தோட்டக்காரம்மா: அட! வீட்டுலயே கத்தரிக்காரர் இருக்கறப்போ வெளிய ஏன் ஆள் தேடினீங்க? நீங்க வெட்டியிருந்தாக்கூட இதைவிட லட்சணமா இருந்திருக்குமே!

மனைவி: அதைத்தான் நானும் வந்த நாள்லேருந்து சொல்லிட்டிருக்கேன்.

கணவன்: தண்ணி குடிக்கறியா தங்கச்சி? முகமெல்லாம் வேர்க்குது.

தோட்டக்காரம்மா: எனக்கு வேர்க்கலையே. உங்களுக்குத்தான் வேர்க்குது.

கணவன்: அப்போ நான் குடிக்கறேன்.

தோட்டக்காரம்மா: ஆனா ஒண்ணு அக்கா, ரொம்ப வேடிக்கையா இருக்கு. இந்தச் செடியைப் பாருங்க. இடது பக்கம் எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கான்! எனக்கே இப்படி வராது. வலது பக்கம் வந்ததும் கோட்டை விட்டுட்டான். அடுத்த செடி... இதுலயும் இடது பக்கம் ஒழுங்கு, வலது பக்கம் கண்டபடி. அதுக்கு அடுத்ததும் அப்படியே. இந்தப் பக்கம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்குவானோ?

கணவன்: ...தூசி விழுந்திருக்கும்.

மனைவி: ஒவ்வொரு செடிக்குமா?

கணவன்: காத்து அடிச்சுதும்மா அன்னிக்கு.

மனைவி: ம்... சரி, இப்ப என்ன பண்ணலாம்? எல்லாத்தையும் அடியோட வெட்டிடலாமா?

தோட்டக்காரம்மா: ஐயோ, ஒரேயடியா வெட்டினா தாங்காதுக்கா. முதல்ல பட்டுப்போனதை எடுக்கணும். அப்புறம் ஒவ்வொரு செடியிலயும் பழைய கொம்பாப் பாத்து மூணுல ஒரு பங்கு, மண்ணை ஒட்டி. உள்ள வெளிச்சம் விழுந்ததும் அடியிலேருந்து புதுசா வரும். அது வந்தப்புறம் அடுத்த பங்கு. பொறுமை வேணும்.

கணவன்: நீளத்தைத் தொடாம அடர்த்தியை மட்டும் குறைக்கறது. நாங்க தின்னிங்னு சொல்லுவோம்.

தோட்டக்காரம்மா: அதேதான்! பாருங்க, அண்ணனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.

கணவன்: தெரிஞ்சு என்ன பிரயோஜனம்...

தோட்டக்காரம்மா: அண்ணே, இந்தக் கொம்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க, நான் அடியில வெட்டறேன். ...அது இல்ல, இது. ...இதுண்ணே, உங்க வலது கைப் பக்கம். ...அண்ணே, நான் இங்க நிக்கறேன்!

மனைவி: என்னங்க, பாத்து... கண்ணுல குத்திடப் போகுது!

கணவன்: குத்தினா குத்தட்டும், எப்படியும் அது...

மனைவி: எப்படியும் அது?

கணவன்: ...எப்படியும் அது சின்னக் கிளைதானேன்னு சொல்ல வந்தேன்.

மனைவி: ஓ.

தோட்டக்காரம்மா: இதுக்குக் கத்தரி பத்தாது. ரம்பம் வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன். அப்படியே இந்தக் குப்பையையும் வெளிய தள்ளிட்டு வந்துடறேன் அக்கா.

மனைவி: மெதுவா வாங்க, அவசரமில்ல. ...ஏங்க.

கணவன்: ம்.

மனைவி: அந்த நெட்டையனைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

கணவன்: என்னத்தைச் சொல்ல? நல்லவன்தான். கொஞ்சம் கிறுக்கன்.

மனைவி: கல்யாணம் ஆனவனா?

கணவன்: ஆயிடுச்சு. பொண்டாட்டி வீட்டுல இல்லாத நேரமாப் பாத்துதான் வேலையில இறங்கினான்.

மனைவி: எதுக்கு?

கணவன்: வந்து பாத்து அசந்து போகட்டும்னு.

மனைவி: அசந்துதான் போனா. பையைக் கீழ வைக்காம எவ்வளவு நேரம் நின்னா தெரியுமா, வாசல்ல?

கணவன்: தெரியும். உள்ளேருந்து பாத்துட்டிருந்தேன். அந்த நிமிஷம்தான் தோட்டக்காரன் பொறந்தான். நீ வாயைத் திறக்கறதுக்குள்ள அவனுக்கு மீசை வரைக்கும் முளைச்சாச்சு.

மனைவி: நான் வெட்டினேன், சொதப்பிடுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே? சிரிச்சிட்டுப் போயிருப்பேன்.

கணவன்: நீ சிரிப்பே. ஊரும் சேர்ந்து சிரிக்கும். கடையில போர்டு வேற மாட்டியிருக்கேன், "கைபட்டாலே அழகு"ன்னு. அந்தக் கைபட்டு ஒரு வேலியே விதவிதமாப் பல்லிளிக்குதுன்னா...

மனைவி: அது மட்டும்தான் காரணமா?

கணவன்: ...கத்தரி மழுங்கல்.

மனைவி: கத்தரி மழுங்கலா இருந்தா ரெண்டு பக்கமும்தானே மழுங்கும்?

கணவன்: அந்த நெட்டையனுக்கு... வலது கண்ணு சரியாத் தெரியலம்மா.

மனைவி: எப்போலேருந்து?

கணவன்: நீ பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாலேருந்தே. முதல்ல கண்ணாடியிலதான் அழுக்குன்னு நினைச்சேன். கடையில இருந்த எல்லாக் கண்ணாடியையும் துடைச்சேன். கண்ணாடி பளபளன்னு ஆச்சு. மூஞ்சிதான் மங்கலாவே இருந்துது.

மனைவி: அப்போ கடையில எப்படி...

கணவன்: வெட்டறதெல்லாம் பார்ட்னர்தான். நான் துண்டு போர்த்தறேன், தண்ணி தெளிக்கறேன், பேசறேன். பேச்சுல மட்டும் இன்னும் யாருக்கும் குறையில்ல.

மனைவி: கத்தரியைத் தொடறதே இல்லையா?

கணவன்: ஒரு வக்கீலோட காதை... அப்படிப் பாக்காதே, காது இருக்கு. ஓரத்துல ஒரு கீறல்தான். ரத்தத்தைப் பாத்ததும் எனக்குத் தலை சுத்திடுச்சு. அந்த மனுஷன் எழுந்து என்னை அவர் சீட்டுல உக்கார வெச்சு, என் பாட்டிலை எடுத்து என் மூஞ்சியில தண்ணி தெளிச்சார். போற போக்குல கேஸ் போட மாட்டேன்னும் சொல்லிட்டுப் போனார்.

மனைவி: அடக் கடவுளே...

கணவன்: சிரிச்சுடு. பரவால்ல.

மனைவி: சிரிக்கல. அப்புறமும் ஏன் இந்தச் செடியைத் தொட்டீங்க?

கணவன்: கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா. செடிக்குத்தான் காது கிடையாதேன்னு இறங்கினேன்.

மனைவி: டாக்டர்கிட்ட போனீங்களா?

கணவன்: போனேன்.

மனைவி: போனீங்களா!

கணவன்: வாசல் வரைக்கும். அங்க பெரிய போர்டு மாட்டியிருந்தான். முழுசாப் படிச்சேன், ஒரு எழுத்து விடாம. சரி, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு திரும்பி வந்துட்டேன்.

மனைவி: எந்தக் கண்ணால படிச்சீங்க?

கணவன்: ...நல்ல கண்ணால.

மனைவி: நீங்க இருக்கீங்களே!

கணவன்: பயமா இருந்துதும்மா. உள்ள போனா, "இனிமே கத்தரியைத் தொடாதே"ன்னு சொல்லிட்டாங்கன்னா? வெளிய நிக்கற வரைக்கும் யாரும் அதைச் சொல்ல முடியாதுல்ல? எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு. சமைக்க வராது. வண்டி ஓட்ட வராது. பொய் கூட ஒழுங்கா வரலன்னு இப்ப நிரூபணமாயிடுச்சு.

மனைவி: நாளைக்குக் காலையில போறோம். நானும் வரேன். வாசலோட இல்ல, உள்ள வரைக்கும்.

கணவன்: சரி.

மனைவி: நிஜமாச் சரியா, வாயை அடைக்கற சரியா?

கணவன்: கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா நிஜமாவே சரி.

தோட்டக்காரம்மா: ரம்பம் வந்தாச்சு அக்கா! ...என்ன, ரெண்டு பேரும் சிரிக்கறீங்களா அழறீங்களா? தூரத்துலேருந்து பாத்தா ஒண்ணும் புரியல.

கணவன்: தங்கச்சி, அந்தத் தோட்டக்காரன் அகப்பட்டுட்டான்.

தோட்டக்காரம்மா: எங்க? எங்க அண்ணே?

கணவன்: உன் எதிர்லதான் நிக்கறான். இந்தா விரல், ஒவ்வொண்ணா எண்ணிக்கோ.

தோட்டக்காரம்மா: ஐயய்யோ! அண்ணே... நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தபடி...

கணவன்: விடு, உன்னைவிட அதிகமாத் திட்டினவன் நான்தான். முட்டாள், கர்வம் பிடிச்சவன் எல்லாம் என் உபயம். நீ ரொம்ப நாகரிகமாத்தான் திட்டினே.

மனைவி: இவருக்கு வலது கண்ணு தெரியலையாம்மா. அதான் அந்தப் பக்கமெல்லாம் அப்படி.

தோட்டக்காரம்மா: அடடா... முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான், புகை படிஞ்ச மாதிரி இருக்குன்னுட்டே இருந்தார். கண்புரைன்னு சொல்லி எடுத்தாங்க. இப்ப நான் வாங்கிட்டுப் போற காய்ல சொத்தையை அடியில ஒளிச்சு வெச்சாக்கூடக் கண்டுபிடிச்சுடறார்.

கணவன்: எனக்கும் அதுவா இருந்தா நல்லதுதான். இல்லேன்னா?

மனைவி: இல்லேன்னா அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உள்ள போவோம்.

தோட்டக்காரம்மா: செடியைப் பத்திக் கவலையே படாதீங்க. வேரு கல்லு மாதிரி இருக்கு. நான் அந்தக் கடைசிலேருந்து அறுத்துக்கிட்டு வரேன். அண்ணே, நீங்க தயவு செஞ்சு உதவிக்கு மட்டும் வராதீங்க.

கணவன்: கேட்டியா? சொந்த வீட்டுலயே வேலை போயிடுச்சு. ...ஏம்மா.

மனைவி: ம்?

கணவன்: எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இவ்வளவு சொல்றேன், நீ ஒரு தடவை கூடத் தூக்கிவாரிப் போட்ட மாதிரி நிக்கல. செடியைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சா?

மனைவி: செடியைப் பாக்கறதுக்கு முன்னாலயே தெரியும். பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் என் முடியை நுனி வெட்டி விட்டீங்களே, ஞாபகம் இருக்கா?

கணவன்: ஏன் இல்லாம? ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னியே. அதைக் கேட்டு ஒரு வாரம் தைரியமா இருந்தேன்.

மனைவி: இப்படி என் வலது பக்கம் வந்து, அந்த நல்ல கண்ணால பாருங்க, கொண்டையை அவுக்கறேன்... வெயிலுக்கு இதமா இருக்குன்னு சொல்லிச் சொல்லி அன்னிலேருந்து அவுக்காம முடிஞ்சே வெச்சிருக்கேன், இந்தப் பக்கம் முடி தோளைக் கூடத் தொடலன்னு நீங்க பாத்துடக் கூடாதேன்னுதான்.