பதினான்காம் கேள்விக்கு அறுபது பதில்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். விருதுநகரில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறைகளில் பெயர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். குண்டு குண்டாக எழுதுவேன், சாய்த்தும் எழுதுவேன், கை நடுங்குகிறவர் எழுதியது போலவும் எழுதுவேன். ஆகவே, மேசையில் அறுபது வினாப்படிவங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ‘இதையெல்லாம் நிரப்பியது யார்’ என்று விசாரணைக் குழுவினராகிய நீங்கள் கேட்பதற்கு என் பதில் எளிது. நான்தான். கைநாட்டுகளும் என்னுடையவைதான். கைவிரல்கள் பத்தும் தீர்ந்த பிறகு கால்விரல்களுக்குப் போனேன். அதில் ஒரு கட்டைவிரல் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. அந்தப் படிவத்தில் ‘பெண், வயது 19’ என்று போட்டிருக்கக் கூடாது.

ஏன் செய்தாய் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஆய்வேடு எழுத வராது. எதை எழுதினாலும் கதையாக வந்து நிற்கும். முதல் அத்தியாயத்தை என் நெறியாளர் லட்சுமிகாந்தம் சாரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏலே, தாயில்பட்டி வெயில் மண்டையப் பொளக்கும்னு எழுதியிருக்கியே, யாரு சொன்னா?”

“எல்லாருஞ் சொல்லுவாக, சார்.”

“எல்லாரும்னா எந்த வருசம், எத்தனாம் பக்கம்?”

வெயிலுக்குப் பக்க எண் தேவைப்படும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்து, ‘நான்’ என்று வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் அடிபட்டது. ‘நான் போனேன்’ கூடாது, ‘ஆய்வாளர் சென்றார்’ என்று எழுத வேண்டும். ஆய்வாளர் பேருந்தில் ஏறினார், ஆய்வாளருக்கு வயிறு சரியில்லை என்றெல்லாம் எழுதிப் பழகினேன். பழகியபின் அது சுகமாகவே இருந்தது. நல்லது கெட்டது எதுவானாலும் அந்த ஆள் பார்த்துக்கொள்வார்.

தலைப்பு, பட்டாசுத் தொழிலாளரின் பணிநேரமும் உடல்நலமும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் அனுமதி கிடைத்தது. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். பட்டாசுகளைப் பெட்டியில் அடுக்கும் தகரக் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கோரிக்கை இருந்தது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பன்னிரண்டு மணியோடு வேலையை முடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மேனேஜர் காசிராஜன் மறுக்கவில்லை. “காலேஜ்ல இருந்து ஆராய்ச்சி பண்ண வந்திருக்காக. அது என்ன சொல்லுதோ அதும்படி செய்வோம்” என்று சொல்லியிருந்தார். ஆகவே என்னை ராஜமரியாதையோடு வரவேற்றார்கள். என் பேனாவை அவ்வளவு நம்பிக்கையோடு அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கொட்டகையில் மூத்தவர் பேச்சியம்மாள். பதினான்காம் கேள்வியை அவரிடம் வாசித்தேன். பிற்பகல் பணிநேரம் தங்கள் உடல்நலத்தைப் பாதிக்கிறதா? ஆம், அல்லது இல்லை.

“பாதிக்காம என்ன ராசா. ரெண்டு மணிக்குக் கண்ணு பூத்துப்போகும். பக்கத்துல இருக்கவ பேசுறது கெணத்துக்குள்ள இருந்து கேக்கும். போன சித்திரையில அப்பிடியே சாஞ்சிட்டேன். முழிச்சுப் பாத்தா வாயில சோடா ஊத்துதாளுக. என்னத்தச் சொல்ல, சோடா நல்லாத்தான் இருந்துச்சு.”

“ஆமாவா, இல்லையாக்கா?”

“அம்புட்டு நேரமா அதத்தான சொல்லுதேன். நல்ல பிள்ளையப் படிக்க வச்சாக.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார், “நீ எழுதிக் குடுத்தா மத்தியானம் விட்டுருவாகளா ராசா?”

“விட்டுருவாகக்கா.”

“எம்பேரும் வருமா அதுல?”

“வரும்.”

அன்று பதினோரு பேரிடம் பேசினேன். ஒருவர்கூடக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். சார் கேட்டார், “இந்தச் சோடாவ எந்த அட்டவணையிலலே போடுவ? அறுபது பேரு வேணும். கருதுகோளச் சோதிச்சிட்டு வா.”

கருதுகோள் என்பதை விளக்க வேண்டும். ஆய்வு தொடங்கும்போதே ‘பணிநேரத்துக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவைப்பது வழக்கம். எல்லா ஆய்வேடுகளிலும் அப்படித்தான் இருந்தது, நானும் எழுதினேன். சோதிப்பது என்றால் அந்த வரியைக் காப்பாற்றுவது என்று புரிந்துகொண்டேன். பெரியவர்கள் சொன்ன வாக்கு பொய்யாகலாமா. அந்த வரி உண்மையா என்று பார்ப்பதுதான் சோதனை, தோற்றாலும் குற்றமில்லை என்று பின்னால் ஒருவர் சொன்னார். அதற்குள் சிவகாசியில் பைண்டிங் முடிந்து தங்க எழுத்தும் போட்டாகிவிட்டது.

அப்பாவின் மிளகாய் வத்தல் கடை மாடியில், மூட்டைகளுக்கு நடுவே, தும்மிக்கொண்டே மூன்று நாளில் அறுபது தொழிலாளர்களை உருவாக்கினேன். தங்கமான மனிதர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். பதினான்காம் கேள்விக்கு ஐம்பத்தேழு பேர் ‘இல்லை’ என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் இயல்பாக இருக்காது என்று மூன்று பேரை மட்டும் ‘ஆம்’ சொல்ல வைத்தேன். அந்த மூவரை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இளகிய மனசு.

“இப்பத்தாம்லே நீ எழுதப் படிச்சிருக்க” என்றார் சார்.

என் ஆய்வேட்டைத் தலை முதல் கால் வரை படித்த ஒரே மனிதர் காசிராஜன். ஒரு பிரதி கேட்டு வாங்கினார். “தொண்ணூத்தஞ்சு சதவீதம் பேருக்கு வெயில் ஒண்ணும் செய்யலையாம்ல. நானே இப்பிடி எழுதியிருக்க முடியாது தம்பி” என்றார். பதினான்காம் அட்டவணையை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். சித்திரையில் வேலை ஐந்து மணி வரை நடந்தது. வைகாசியிலும் நடந்தது.

வைகாசி ஏழாம் தேதி இரண்டரை மணிக்குப் பேச்சியம்மாள் சாய்ந்தார். இந்த முறை தலை சிமெண்டுப் படியில் பட்டது. இடது கையும் காலும் இன்னும் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, பாதி முகம். மெல்ல, குழறிக் குழறிக் கேட்டார்.

“நம்ம எழுதுனது எடுபடலையா ராசா? நாந்தான் சரியாச் சொல்லலையோ?”

பையில் ஆய்வேடு இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பதினான்காம் அட்டவணையைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். பேச்சியம்மாள், தாயில்பட்டி. ரெண்டு மணிக்குக் கண்ணு பூத்துப்போகும், பக்கத்துல இருக்கவ பேசுறது கெணத்துக்குள்ள இருந்து கேக்கும். முழுவதும் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

“இம்புட்டு நல்லாச் சொல்லியிருக்கேன். பெறகும் ஏன் விடல?”

“தெரியலக்கா.”

படிவங்கள் பொய், கைநாட்டுகள் பொய், அட்டவணை பொய். எல்லாம் நான் செய்தவை, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பேச்சியம்மாளை ஏமாற்றியதாக உங்கள் அறிக்கையில் இருக்கும் ஏழாவது குற்றச்சாட்டை மட்டும் நீக்கிவிடுங்கள். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவருக்கே இரண்டு முறை படித்துக் காட்டியிருக்கிறேன், கேட்டுவிட்டு அவர் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.