பாதிக் கேள்வி

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறினேன். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. முன்சீட்டில் கம்பெனி அட்டை மாட்டியிருந்த பையனும் பெண்ணும்தான் உரக்கப் பேசினார்கள்.

"மெஷின் பொய் சொல்லல பிரியா. நீ கேட்டதுதான் பாதிக் கேள்வி," என்றான் அவன்.

"என்ன செல்வம் சொல்ற?"

"மெமரியப் பூட்டுற வசதி இருக்கான்னு நீ எழுதின புரோகிராம் கோடு சிப்புகிட்ட கேக்குது. அது உண்டுங்குது. மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுற பயாஸ்ல அத ஆன் பண்ணியிருக்கான்னு கேக்கவே இல்ல. கெர்னல் பூட்டியாச்சுன்னு காட்டுது, உள்ள எல்லாம் தொறந்து கெடக்கு."

கெர்னல் என்னவென்று எனக்குத் தெரியாது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ, ஆஸ்பத்திரிக்காரங்க இப்ப அந்த மெஷின்லதான் நோயாளிங்க விவரத்த ஏத்தப் போறாங்கடா!"

"ஏத்தட்டும். சாயங்காலம் சத்தமில்லாம திருத்திடலாம். மேனேஜர் சேட்டன் கிட்ட சொன்னா உன் வேல போயிடும். நீ இன்னும் பெர்மனென்ட் ஆகல."

படகு நடுக்காயலைத் தாண்டியது. அவள் போனை எடுத்தாள்.

"சேட்டா, ஒண்ணும் ஏத்த வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்க. தப்பு என் கோடுலதான்."

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ மெல்லச் சொல்லி போனை வைத்தாள்.

"நிறுத்திட்டாங்க," என்றாள்.

"உன்ன என்ன செய்வாங்களாம்?"

"அதச் சொல்லல. அந்தக் கோட சரிபார்த்து ஓகே போட்டது யாருன்னு கேட்டார்."

செல்வத்தின் முகம் மாறியது. "எம் பேரச் சொல்லிட்டியா?"

"சேட்டன் பாதிக் கேள்வி கேக்கற ஆளில்லடா," என்றாள் அவள்.