தோலை மட்டும்தான் கீறினேன்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை, புனேயில் டீ என்றாலே பாதி பாயசம்தான். விசாரணைக்கு ஒரு மங்கையர்க்கரசி வந்து, "தமிழ்லயே சொல்லுங்க சார்" என்றீர்களே, அதற்காகவே ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் லேபில் இருப்பது ஜீப்ரா மீன். விரல் நீளம்கூடக் கிடையாது, உடம்பெல்லாம் நீலக் கோடு. அதன் பயமும் நம் பயமும் கிட்டத்தட்ட பங்காளிகள். அதனால்தான் மனுஷனுக்குப் பதில் அதைத் தொட்டியில் போட்டுப் பார்க்கிறோம். ஒரு மீனின் தோலைக் கீறி, கழுவிய தண்ணீரைத் தொட்டியில் சொட்டு விட்டால் போதும். மற்ற மீன்கள் அடியில் போய் அசையாமல் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறிப்பதுதான் என் பிழைப்பு.

போன வருஷம் மீன்கள் ஒத்துழைக்கவில்லை. என்ன செய்தாலும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. கட்டுரையோ போயாக வேண்டும். எண்களைக் கொஞ்சம் தட்டிக்கொட்டிச் சரிசெய்தேன். ஊர் உலகத்தில் நடக்காததா?

கண்டுபிடித்தவள் கிருஷ்ணப்ரியா, என்னிடம் பிஎச்.டி. செய்த பெண். கோர்படி ரயில்வே காலனிக்காரி, தமிழ் தத்தித் தத்தித்தான் வரும். "சார், வீடியோல மீன் மஸ்தா, ஜாலியா சுத்துது. பேப்பர்ல மட்டும் பயந்துச்சுன்னு போட்டிருக்கு. கைசே சார், எப்படி?" என்றாள். கட்டுரையைத் திரும்பப் பெறாவிட்டால் டைரக்டரிடம் போவாளாம். மீன்குஞ்சுக்கு யாரும் நீந்தக் கற்றுத்தர வேண்டியதில்லை என்பார்கள். இந்தக் குஞ்சு எனக்கே கற்றுத்தர வந்துவிட்டது. கோபம் வந்தது, இல்லை என்பானேன்.

ஒரு சாயந்திரம் அவள் மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டுக் கிளம்பியதும், தொட்டிகளுக்குக் காற்று போகும் பம்பை நிறுத்தினேன். காலையில் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. லேபில் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தேன். எண்களை மாற்றியவள் இவள், மாட்டிக்கொள்வோம் என்று மீன்களைக் கொன்றவளும் இவள் என்றேன்.

"நான் இல்ல சார்," என்றாள். பிறகு பக்கத்தில் நின்ற சக மாணவன் ஜானைப் பார்த்து, "தூ போல் நா, ஜான், நீ சொல்லு," என்றாள். பம்பு ஸ்விட்சில் என் கை இருந்ததை ஜான் பார்த்திருந்தான், அவளிடம் சொல்லியும் இருந்தான். அன்றைக்கு அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்களும் அசையாமல் நின்றார்கள். ஒரு வருஷமாக மீன்கள் தராத முடிவை என் பிள்ளைகள் ஒரே நிமிஷத்தில் தந்தார்கள். நல்ல வளர்ப்பு.

பிஎச்.டி. பதிவை ரத்துசெய்து அவளை அனுப்பிவிட்டார்கள். நான் தோலை மட்டும்தான் கீறினேன், மேடம், கழுத்தை அறுக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேபில் மீனைக் கொன்ற பிறகுதான் தோலைக் கீறுவோம், வலிக்கக் கூடாது என்பது விதி. இவள் விஷயத்தில் அந்த விதியைக் கடைப்பிடிக்க வசதிப்படவில்லை.

அவள் படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு கோர்படி போனேன். படுக்கையெல்லாம் இல்லை, வதந்தி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சில்லை, சோறு இறங்கவில்லை. அவள் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா எந்திரிச்சிடுவா சார். பெரிய மனசு பண்ணுங்க," என்று அழுதார்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்து, "பயப்படாதேம்மா," என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தேன். எனக்கு நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டு, பாவம், அவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

அவர் திரும்பி வரும்வரை, பதினொரு நிமிஷம், அவள் அசையவே இல்லை, மேடம். இந்தத் தடவை நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.