தாய் கொல்லவில்லை, இடம் கொன்றது

மேடையில் நாற்காலி கிடைத்த பெரியவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பண்ணைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் மேஸ்திரியின் மனைவி அண்ணியாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம்மை விட்டுப் போன பிரசவக் கொட்டகை மேஸ்திரியைத் தங்கமானவர் என்றார்கள். தங்கமா! அவரிடம் பேச்சு வாங்காதவர் இந்தக் கூட்டத்தில் உண்டா? பன்றி குட்டி போடும் அறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும், "பிரசவம் பாக்க வந்தியா, படம் பாக்க வந்தியா? வெளிய போம்மா!" என்று விரட்டுவார். நாம் அவருக்கு மாமியார் என்று பெயர் வைத்தது சும்மாவா? அண்ணியே போன் போட்டு, "உங்க மாமியாரைச் சாப்பிட அனுப்பி வைங்க" என்பாரே!

அழ வேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

காலையில் குட்டி நசுங்கிக் கிடந்தால் நாம் என்ன சொல்வோம்? "தாய் கொன்னுடுச்சு" என்போம். அந்தப் பேச்சே அவருக்கு ஆகாது. "தாய் கொல்லலை, இடம் கொன்னுச்சு. அப்படிச் சொல்லு" என்பார். சொல்லும்வரை விட மாட்டார்.

மூக்கில் வெள்ளைப் புள்ளி வைத்த தாய்ப்பன்றி மூக்குத்தியை நினைவிருக்கிறதா? அடுத்தடுத்து இரண்டு ஈற்றிலும் குட்டிகள் அவளுக்கு அடியில் நசுங்கின. "கொலைகாரி. கறிக்கு லாரியில ஏத்துங்க" என்றார் முதலாளி. மேஸ்திரி குறுக்கே நின்றார்.

"கூடு கட்ட வைக்கோல் தேடுறா ஐயா, வெறும் சிமெண்டைப் பிறாண்டுறா. நிலைகொள்ளாம எழுந்திரிக்கிறா, படுக்கிறா. சாஞ்சு இறங்கப் பிடிமானம் இல்ல, பின்னங்கால் வழுக்குது. சுவரோரம் மாட்டுன குட்டி எங்க ஓடும்?"

"இடம் எப்படிய்யா கொல்லும்?"

"இந்த ஈரத் தரையில கையூணாம, மெதுவா உக்காந்து காட்டுங்க பாப்போம்."

காட்டினாரே! தொப்பென்று விழுந்தாரே! ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று நான் சிரிக்கவே இல்லை. தீவன வாளிக்குள் தலையை விட்டு இருமிக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் முதலாளி ஓர் அறையை மட்டும் மாற்றச் சம்மதித்தார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் மேலே, சுற்றிலும் இரும்புக் குழாய். தரையில் வைக்கோல். மூலையில் குட்டிகளுக்குச் சூடு தரும் விளக்கு. மூக்குத்தி வைக்கோலைக் கிளறினாள், முகர்ந்தாள், உறுமிக் குட்டிகளை விலக்கினாள், குழாயில் முதுகைச் சாய்த்து மெல்ல இறங்கினாள். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் குட்டிகள் ஓடித் தப்பின. உயிரோடு பிறந்ததில் ஒன்றுகூட நசுங்கவில்லை!

பிறகு என்ன நடந்தது? எல்லோரும் கை தட்டினோம். "மத்த அறைக்கெல்லாம் அடுத்த மாசம்" என்றார் முதலாளி. அந்த அடுத்த மாதம் வருவதற்குள் மேஸ்திரி கண்ணை மூடிவிட்டார். இன்றும் ஓர் அறையில்தான் குழாய் இருக்கிறது. மற்ற அறைகளில் நேற்றுகூட இரண்டு குட்டிகளை வாரி எடுத்தோம். அவர் படத்துக்குச் சட்டம் போட இரும்பு கிடைத்ததே, அறைக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? இதைக் கேட்டுக் கேட்டே தொண்டை வறண்டு போன மனிதரை இப்போது புகழ்ந்து என்ன பயன்?

முதலாளி தலையாட்டுகிறார். தலையாட்டினால் இந்த மைக்கில் கேட்காது ஐயா, வாயால் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டார். "நாளைக்கே போடலாம்" என்றார். எல்லோருக்கும் கேட்டதா? அண்ணி, உங்களுக்குக் கேட்டதா?

வெல்டர் தம்பி, தூணுக்குப் பின்னால் ஒளிந்தது போதும். விடிந்ததும் வா. குழாயை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ பற்றவை. எல்லா அறையும் முடியும்வரை மேஸ்திரியின் வேலையை நாம் விடமாட்டோம். இந்த வாரமே மூன்று தாய்ப்பன்றிகள் ஈனப்போகின்றன. நாம் அழுது முடிக்கட்டும் என்று அவை காத்திருக்காது.